ஷேக்ஸ்பியரின் ஊரைத் தெருவரிசையில் பார்ப்பது எப்படி: ஸ்ட்ராட்ஃபோர்ட்-அபான்-ஏவன் போகிறவர்களுக்கு

ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டிலிருந்து அவர் அடக்கமான தேவாலயம் வரை நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான். அவர் படித்த பள்ளி, பணம் சேர்ந்ததும் வாங்கிய வீட்டின் மனை, மூத்த மகள் குடியிருந்ததாகச் சொல்லப்படும் வீடு எல்லாம் நடுவே வரிசையாக வந்துவிடும். தேவாலயத்தின் பின்னால் ஏவன் ஆறு ஓடுகிறது. அதன் கரையோடு திரும்பினால் நாடக அரங்கு. இங்கிலாந்தில் ஒரு எழுத்தாளரின் வாழ்க்கையை இவ்வளவு சின்ன வட்டத்துக்குள், இவ்வளவு ஒழுங்காகக் காலால் நடந்து பார்க்க முடிகிற ஊர் அரிது.

ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படிப் பார்ப்பதில்லை. லண்டனிலிருந்து கிளம்பி ஆக்ஸ்ஃபோர்டு, காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்கள், ஸ்ட்ராட்ஃபோர்ட் மூன்றையும் ஒரே நாளில் காட்டும் பேருந்துச் சுற்றுலாவில் வந்து, பிறந்த வீட்டு வாசலில் படம் எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஏறிப் போய்விடுகிறார்கள். அதைத் தவிருங்கள். குறைந்தது ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஓர் இரவு தங்க முடிந்தால் இன்னும் நல்லது.

முதலில் நாடக டிக்கெட், பிறகுதான் ரயில் டிக்கெட்

வரிசை தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றலாம். காரணம் உண்டு. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் அரங்குகளில் எல்லா நாளும் காட்சி கிடையாது. ஒரு நாடகம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மேடை பல நாட்கள் காலியாகவே இருக்கும். ஆகவே காட்சி எந்த நாளில் என்று பார்த்து, அதற்கேற்பப் பயண நாளை முடிவு செய்யுங்கள்.

ஆற்றங்கரையில் இருக்கும் பெரிய அரங்கு ராயல் ஷேக்ஸ்பியர் தியேட்டர், சுமார் 1,000 இருக்கைகள். அதன் முதுகோடு ஒட்டியிருக்கும் ஸ்வான் தியேட்டர் சிறியது, 1986-இல் திறக்கப்பட்டது. இரண்டிலும் மேடை பார்வையாளர்களுக்குள் நீண்டு வரும். மூன்று பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். 2010-இல் பெரிய அரங்கைப் புதுப்பித்தபோது, மேடைக்கும் கடைசி இருக்கைக்கும் இருந்த தூரம் 27 மீட்டரிலிருந்து 15 மீட்டராகக் குறைந்தது. அதனால் விலை குறைந்த மேல் மாடி இருக்கையிலும் நடிகரின் முகம் தெரியும். அங்கே இடைஞ்சல் வேறு: முன்னால் இருக்கும் கைப்பிடிக் கம்பி சில இருக்கைகளில் மேடையை மறைக்கும். பதிவு செய்யும்போது அந்த இருக்கைக்குப் பார்வை மறைப்பு என்று குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டு இருக்கைகளில் நடிகர்களின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டி வரும். ஆனால் அவர்கள் மூச்சு விடுவதுகூடக் கேட்கும் நெருக்கம் அங்கேதான் கிடைக்கும்.

400 ஆண்டு பழைய ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் பின்தொடர முடியுமா என்று தயங்குகிறவர்கள் வசன எழுத்துகளைத் திரையில் ஓட்டும் காட்சியைத் தேர்ந்தெடுக்கலாம். காது கேளாதவர்களுக்காக ஏற்பாடு செய்யப்படும் காட்சிகள் இவை. ஒவ்வொரு நாடகத்துக்கும் சில நாட்கள் மட்டும் இருக்கும். யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கலாம். கதையைத் தமிழில் முன்கூட்டியே படித்துவிட்டுப் போவது இன்னும் உதவும். ஹாம்லெட் நடக்கிறதென்றால் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘அமலாதித்யன்’ இருக்கவே இருக்கிறது.

ரயிலில் நடக்கும் தவறுகள்

லண்டனின் கிழக்கில் ஸ்ட்ராட்ஃபோர்ட் என்றே ஒரு பெரிய நிலையம் இருக்கிறது, ஒலிம்பிக் பூங்கா பக்கத்தில். பக்கத்திலேயே ஸ்ட்ராட்ஃபோர்ட் இன்டர்நேஷனல் வேறு. செயலியில் முதல் நான்கு எழுத்தைத் தட்டியதும் வருவது பெரும்பாலும் அதுதான். முழுப் பெயரையும் தட்டுங்கள். அப்போதும் இரண்டு பெயர் வரும். ‘பார்க்வே’ என்று முடிவது ஊருக்கு வெளியே, கார் நிறுத்திவிட்டு ரயில் ஏறுகிறவர்களுக்கான நிலையம். அதற்கு அடுத்ததாக, பாதை முடியும் இடத்தில் இருப்பதே நீங்கள் இறங்க வேண்டியது.

லண்டனில் ரயில் ஏறும் இடம் மேரில்போன் நிலையம். பயணம் இரண்டு மணி நேரம் அல்லது கொஞ்சம் கூடுதல். நேரடி ரயில்கள் சிலவே. மற்ற நேரங்களில் லெமிங்டன் ஸ்பா போன்ற இடத்தில் மாற வேண்டும். ஆய்ஸ்டர் அட்டை இங்கே செல்லாது. லண்டன் பழக்கத்தில் அட்டையைத் தட்டிவிட்டு ஏறினால் டிக்கெட் இல்லாப் பயணம்தான், அபராதம் நிச்சயம்.

பர்மிங்ஹாமிலிருந்து வருவோர் நியூ ஸ்ட்ரீட் நிலையத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஸ்ட்ராட்ஃபோர்ட் ரயில்கள் மூர் ஸ்ட்ரீட், ஸ்னோ ஹில் நிலையங்களிலிருந்து போகின்றன. நியூ ஸ்ட்ரீட்டில் இறங்கி மூர் ஸ்ட்ரீட்டுக்கு நடக்கப் பத்து நிமிடம் ஆகும். அங்கிருந்து 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம்.

முன்பதிவில் மலிவாகக் கிடைக்கும் ‘அட்வான்ஸ்’ டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். நாடகம் எத்தனை மணிக்கு முடியும் என்று தெரியாமல் திரும்பும் டிக்கெட்டை அப்படி வாங்காதீர்கள். 3 முதல் 9 பேர் சேர்ந்து போனால் நெரிசல் இல்லாத நேரத்து டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துத் தருவார்கள். ‘குரூப்சேவ்’ என்று கேளுங்கள்.

காரில் வந்தால் எம்40 நெடுஞ்சாலையின் 15-ஆவது சந்திப்பில் பிரிந்து ஏ46 வழியாக வரலாம். ஆற்றின் தென்கரையில், ரிக்ரியேஷன் கிரவுண்ட் பக்கத்துக் கார் நிறுத்தம் வசதியானது. பாலத்தைத் தாண்டினால் ஊர்.

பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு சுற்றிப்பார்க்க வராதீர்கள். 16-ஆம் நூற்றாண்டு மரச்சட்ட வீடுகளின் ஒடுங்கிய படிக்கட்டில் அதற்கு இடமில்லை. தங்குமிடத்தில் விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

காலை: ஹென்லி தெரு

நிலையத்திலிருந்து வெளியே வந்து ஆல்செஸ்டர் சாலையில் ஊர்ப்பக்கமாக நேரே நடந்தால் சில நிமிடங்களில் கூர்கோபுரம் வைத்த ஒரு கல் மணிக்கூண்டு எதிர்ப்படும். 1887-இல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஒரு பத்திரிகை அதிபர் கொடுத்த அமெரிக்க நீரூற்று அது. அங்கிருந்து மீர் தெருவுக்குள் நுழையுங்கள். தெரு முடிவில் ஒற்றைக்காலில் துள்ளும் விதூஷகன் சிலை நிற்கும். அதுதான் ஹென்லி தெருவின் தலைவாசல்.

பிறந்த வீட்டைத் திறந்தவுடன் போய்விடுங்கள். நடுக்காலைக்குள் பேருந்துக் கூட்டம் வந்துவிடும். பிறகு மாடி அறையில் நின்று பார்க்க முடியாது, பின்னால் வருகிறவர்கள் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். வீட்டின் முன்கதவைத் தேடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் நவீனக் கட்டடம்தான் நுழைவாயில்.

இந்த வீடு, பணம் சேர்ந்ததும் அவர் வாங்கிய வீட்டின் மனையான நியூ பிளேஸ், மனைவி ஆன் ஹாத்வேயின் குடிசை மூன்றையும் ஷேக்ஸ்பியர் பர்த்பிளேஸ் டிரஸ்ட் பராமரிக்கிறது. தனித்தனியாக வாங்குவதைவிடச் சேர்த்து வாங்கும் டிக்கெட் மலிவு. கோடையிலும் குளிர்காலத்திலும் திறக்கும் நேரம் வேறு வேறு. மூடும் நேரத்துக்குக் கொஞ்ச நேரம் முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள்.

அப்பா ஜான் ஷேக்ஸ்பியர் கையுறை செய்கிறவர். கீழே அவருடைய பட்டறை அமைக்கப்பட்டிருக்கிறது. 1552-இல் இதே தெருவில் குப்பை கொட்டி வைத்ததற்காக அவருக்கு அபராதம் விதித்திருக்கிறார்கள். அந்தக் குடும்பம் இத்தெருவில் இருந்ததற்கு நமக்குக் கிடைக்கும் முதல் சான்றே அந்த அபராதப் பதிவுதான். நிலைவாசல்கள் தாழ்வு, தரை சமமில்லை. தலையையும் காலையும் ஒருசேரப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாடியில் நிதானமாகப் பார்க்க வேண்டியது ஒரு பழைய ஜன்னல். பிறந்த அறையிலிருந்து கழற்றிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகள், கொஞ்சம் அலையலையான பழங்கண்ணாடி. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி தலையைச் சாய்த்துப் பாருங்கள்; கீறல்கள் பெயர்களாக மாறும். வந்துபோனவர்கள் கீறிவிட்டுப் போன கையெழுத்துகள். வால்டர் ஸ்காட், தாமஸ் கார்லைல், நடிகர் ஹென்றி இர்விங் பெயர்கள் அதில் இருக்கின்றன. இன்று செய்தால் காவலர் வருவார். ஆனால் 1847-இல் ஏலத்துக்கு வந்த இந்த வீட்டை மக்கள் பணம் திரட்டி 3,000 பவுண்டுக்கு மீட்டார்கள் என்றால், அதற்கு முன்பே இது யாத்திரைத் தலமாகியிருந்தது என்பதற்கு இந்தக் கண்ணாடியே சாட்சி.

தோட்டத்தில் ரவீந்திரநாத் தாகூரின் மார்பளவுச் சிலை இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் 300-ஆவது நினைவு ஆண்டையொட்டி அவர் எழுதிய கவிதையும் கூடவே பொறிக்கப்பட்டிருக்கிறது. பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். தோட்டத்தில் பழங்கால உடையில் நடிகர்கள் நின்றால் கூச்சப்படாமல் பிடித்த நாடகத்தின் பெயரைச் சொல்லுங்கள். அங்கேயே ஒரு பகுதியை நடித்துக் காட்டுவார்கள்.

ஹை தெரு முதல் சர்ச் தெரு வரை

ஹென்லி தெருவின் மறுமுனையில் வலப்பக்கம் திரும்பினால் ஹை தெரு. மூலைக்கட்டடம் இளைய மகள் ஜூடித்தும் கணவர் தாமஸ் குவைனியும் வாழ்ந்த இடம், இப்போது கடை. சற்றுத் தள்ளி, மரச்சட்டமெல்லாம் செதுக்கு வேலை நிறைந்த ஒடுங்கிய வீடு ஹார்வர்ட் ஹவுஸ். முகப்பில் 1596 என்ற ஆண்டைக் காணலாம். கட்டியவர் தாமஸ் ராஜர்ஸ். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் ஜான் ஹார்வர்டின் பெயரைத்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் தாங்கி நிற்கிறது.

ஷீப் தெரு முனையில் நகர மன்றம். சுவர் மாடத்தில் நிற்கும் ஷேக்ஸ்பியர் சிலை 1769-இல் நடிகர் டேவிட் காரிக் கொடுத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் நடத்திய விழாவோடுதான் இந்த ஊருக்கு ஆட்கள் திரளாக வருவது தொடங்கியது. விழாவின் நடுவில் மழை கொட்டி, ஏவன் கரை புரண்டு, ஊர்வலமே கைவிடப்பட்டது. குடை எடுத்துவரச் சொல்ல இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

நியூ பிளேஸ் என்ற பெயரைப் பார்த்து ஒரு மாளிகையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். அங்கே வீடு இல்லை. 1597-இல் ஷேக்ஸ்பியர் வாங்கி, 1616-இல் உயிர்விட்ட வீடு அங்கே நின்ற பழைய வீடு. பின்னால் அந்த மனைக்குச் சொந்தக்காரரான பாதிரியார் ஃபிரான்சிஸ் காஸ்ட்ரெல், பார்க்க வருகிறவர்களின் தொல்லை தாங்காமல், ஷேக்ஸ்பியர் நட்டதாகச் சொல்லப்பட்ட மல்பெரி மரத்தை வெட்டினார். 1759-இல், வரித் தகராறில், ஷேக்ஸ்பியர் வீடு போய் அதே மனையில் பின்னால் கட்டப்பட்டிருந்த வீட்டையும் இடித்தார். ஊர் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை. இப்போது இருப்பது தோட்டமும் சிற்பங்களும், பக்கத்தில் பேத்தியின் கணவர் பெயரில் நாஷ் ஹவுஸும். வீட்டைத் தேடாமல், மனையைப் பார்க்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு போனால் இந்த இடம் மனதில் நிற்கும்.

எதிர்மூலையில் கில்ட் சேப்பல் என்ற சிறு தேவாலயம். கட்டணமில்லை. உள்ளே நுழைந்ததும் எதிரே வளைவுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். கடைசி நியாயத்தீர்ப்பு நாளின் ஓவியம் மங்கலாகத் தெரியும். மதச் சீர்திருத்தக் காலத்தில் இந்த ஓவியங்களைச் சுண்ணாம்பு பூசி மறைக்க 2 ஷில்லிங் செலவானதாக நகரக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் ஜான் ஷேக்ஸ்பியர். மகன் பிறந்ததும் அதே காலம், 1564. சுண்ணாம்பு அழிக்கவில்லை, காப்பாற்றியது என்பதுதான் விசேஷம். கண் இருட்டுக்குப் பழக இரண்டு மூன்று நிமிடம் கொடுத்தால்தான் உருவங்கள் பிரிந்து தெரியும்.

அடுத்த கட்டடம் கில்ட்ஹால். 1420 வாக்கில் எழுந்தது. கீழே நகர மன்றக் கூடம், மாடியில் பள்ளி. ஜான் ஷேக்ஸ்பியர் 1568-இல் நகரத் தலைவரானபோது, ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்கள் முதன்முறையாக இந்தக் கூடத்தில் ஆடின. சிறுவன் வில்லியமுக்கு அப்போது நான்கு, ஐந்து வயது. 2016 முதல் பொதுமக்கள் பார்க்க முடிகிறது. டிக்கெட் தனி, டிரஸ்ட் டிக்கெட்டில் சேராது. நேரம் குறைவாக இருந்து ஒன்றை விட வேண்டிவந்தால் நியூ பிளேஸை விடுங்கள், இதை விடாதீர்கள்.

தொடர்ந்து நடந்து இடப்பக்கம் ஓல்ட் டவுன் தெருவில் திரும்பினால் ஹால்ஸ் கிராஃப்ட். மகள் சூசன்னாவும் அவர் கணவர் மருத்துவர் ஜான் ஹாலும் வாழ்ந்ததாகக் கருதப்படும் வீடு. பல நேரம் பூட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

தேவாலயத்தில் பெயரைத் தேடாதீர்கள்

ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கு இருபுறமும் லைம் மரங்கள் நிழல் தரும் பாதையில் போக வேண்டும். உள்ளே வரக் கட்டணமில்லை. கல்லறை இருக்கும் திருப்பீடப் பகுதிக்குப் போக ஒரு தொகை கேட்பார்கள். ஞாயிறு காலையில் ஆராதனை நடக்கும், பார்வையாளர்களுக்கு மதியத்துக்குப் பிறகே அனுமதி. திருமணமோ இறுதிச் சடங்கோ இருந்தாலும் மூடிவிடுவார்கள்.

கல்லறைக் கல்லில் ஷேக்ஸ்பியரின் பெயர் இல்லை. பலர் பெயரைத் தேடிக்கொண்டே தாண்டிப் போகிறார்கள். வடக்குச் சுவரை ஒட்டி முதலில் இருப்பது மனைவி ஆனின் கல். அடுத்தது அவருடையது. அதில் இருப்பது நான்கு வரி மட்டும்: இந்த மண்ணைத் தோண்டாதே, என் எலும்பை நகர்த்துகிறவன் சாபத்துக்கு ஆளாவான் என்ற பொருளில். அதன்பின் நாஷ், மருத்துவர் ஹால், சூசன்னா. சுவரில் மேலே ஷேக்ஸ்பியரின் மார்பளவுச் சிலை, கையில் இறகுப் பேனா. பேனா நிஜ இறகு. ஆண்டுதோறும் பிறந்தநாள் விழாவில் மாற்றுகிறார்கள். 1623-க்குள் வைக்கப்பட்ட சிலை, அவரைத் தெரிந்தவர்கள் உயிரோடு இருந்தபோது வைத்தது. அதனால்தான் அவருடைய முகம் என்று சொல்லப்படும் எத்தனையோ படங்களைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

1564 ஏப்ரல் 26-ஆம் தேதி ஞானஸ்நானப் பதிவு, 1616 ஏப்ரல் 25-ஆம் தேதி அடக்கப் பதிவு இரண்டின் நகல்களும் உள்ளேயே இருக்கின்றன. பாடகர் இருக்கைகளின் மடக்குப் பலகைகளுக்கு அடியில் இடைக்காலச் செதுக்கு வேலைகள் உண்டு. குனிந்து பார்க்க வேண்டும்.

ஆற்றைச் சுற்றி வருவது

தேவாலயத்திலிருந்து ஆற்றோட்டத்தின் திசையில் கொஞ்சம் நடந்தால் லூசிஸ் மில் நடைபாலம். படி ஏறி அக்கரைக்குப் போய், கரையோடு மேல்நோக்கி நடங்கள். கோபுரமும் நாடக அரங்கும் தண்ணீரில் தெரியும் அழகான காட்சி அக்கரையில்தான் கிடைக்கும். நல்ல படம் வேண்டும் என்பவர்கள் பிற்பகலில் இங்கே இருக்க வேண்டும். சக்கர நாற்காலி, குழந்தை வண்டியோடு வருகிறவர்களுக்கு இந்தப் பாலம் சரிப்படாது. அவர்கள் வாட்டர்சைடு தெரு வழியாகவே திரும்பலாம்.

நடுவில் ஒரு சங்கிலிப் படகு உண்டு. 1937 முதல் ஓடுகிறது. எஞ்சின் கிடையாது, படகுக்காரர் கைப்பிடியைச் சுற்றச் சுற்றச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நகரும். குளிர்காலத்தில் ஓடாது. மழைக்காலத்தில் ஆறு பொங்கினால் தென்கரைப் புல்வெளிப் பாதையே தண்ணீருக்குள் போய்விடும், அன்று இந்தச் சுற்றை விட்டுவிடுங்கள்.

மேலே போனால் டிராம்வே பாலம். 1823-இல் குதிரைகள் இழுக்கும் சரக்குப் பாதைக்காகக் கட்டிய செங்கல் பாலம், இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். பக்கத்தில் 14 வளைவுகளோடு நிற்பது கிளாப்டன் பாலம். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹியூ கிளாப்டன் கட்டிக்கொடுத்தது, இன்றும் கார்கள் ஓடுகின்றன. பாலத்தைத் தாண்டி இறங்கினால் பான்கிராஃப்ட் தோட்டம். ஷேக்ஸ்பியர் நடுவில் உயரத்தில் அமர்ந்திருக்க, ஹாம்லெட், லேடி மேக்பெத், ஃபால்ஸ்டாஃப், இளவரசர் ஹால் நான்கு மூலையிலும் நிற்கும் கவர் (Gower) நினைவுச்சின்னம் இங்கே இருக்கிறது. பர்மிங்ஹாமிலிருந்து வரும் கால்வாய் ஆற்றோடு சேர்வதும் இங்கேதான். ஒடுங்கிய கால்வாய்ப் படகு ஏதாவது மதகுக்குள் நுழைவதைக் கண்டால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கதவை மூடி, தண்ணீரை இறக்கி, படகையே ஆற்று மட்டத்துக்குக் கீழிறக்குவார்கள்.

இரண்டாம் நாள் இருந்தால்

ஷாட்டரியில் ஆன் ஹாத்வேயின் வைக்கோல் வேய்ந்த வீடு. ஊரிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர். எவ்ஷாம் பிளேஸ் பக்கத்திலிருந்து நடைபாதை போகிறது, அரை மணி நேரம் போதும். 1582-இல் 18 வயது வில்லியம் 26 வயது ஆனை மணந்தார். பெண் பார்க்க நடந்து போன வழி ஏறக்குறைய இதுவாகவே இருக்கும் என்பதால் டாக்சி பிடிக்காமல் நடப்பதே சரி. தோட்டம் முழுதாகப் பூப்பது ஜூன், ஜூலையில்.

ஏப்ரல் 23-ஐ ஒட்டிய வார இறுதியில் பிறந்தநாள் ஊர்வலம் நடக்கும். பார்க்க வேண்டியதுதான், ஆனால் அறைகள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் மாப் ஃபேர் சந்தை நடக்கும் நாட்களில் மையத் தெருக்கள் முழுக்க ராட்டினங்கள் நிற்கும். பழைய ஊரைப் பார்க்க அது ஏற்ற நேரமில்லை.

மாலையும் இரவும்

கடைகள் ஐந்து, ஐந்தரைக்கே அடைத்துவிடும். ஷீப் தெரு உணவகங்களில் நாடகத்துக்கு முந்தைய சாப்பாடு என்று தனிப் பட்டியல் உண்டு. சீக்கிரம் பரிமாறி அனுப்பிவிடுவார்கள். ஐந்தரை மணிக்கு மேசை பதிவு செய்தால் பதற்றமில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டியலில் வி, விஜி குறிகளைப் பார்க்கவும். விஜி என்றால் பாலும் முட்டையும்கூட இல்லை. வி என்றால் முட்டை இருக்கலாம், கேட்டுவிடுங்கள். நாடகம் முடிந்து சாப்பிடலாம் என்று தள்ளிப் போட்டால் பல சமையலறைகள் மூடியிருக்கும்.

அரங்குக்கு அரை மணி முன்பே போங்கள். முகப்புக் கூடத்தில் நீங்கள் மிதிக்கும் பலகைகள் பழைய மேடையின் தரைப்பலகைகள். புதுப்பித்தபோது இங்கே பதித்தார்கள். தாமதமாக வருகிறவர்களை நடுவில் பொருத்தமான இடம் வரும்வரை உள்ளே விடமாட்டார்கள். சில நாடகங்களில் அது இடைவேளையாகவே இருக்கும்.

ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம் இடைவேளையோடு ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஏழேகால் காட்சி என்றால் வெளியே வரப் பத்தேகால் ஆகும். அரங்கிலிருந்து நிலையத்துக்கு வேகமாக நடந்தால் 20 நிமிடம். லண்டனுக்கான கடைசி ரயில் அதற்கு முன்பே போயிருக்கும் நாட்களே அதிகம். பர்மிங்ஹாமுக்கும் கடைசி ரயிலைப் பிடிக்க ஓட வேண்டிவரலாம். நாடகத்தின் நீளம் அரங்கின் இணையப் பக்கத்தில் இருக்கும். அதையும் அன்றைய கடைசி ரயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இடையில் 40 நிமிடம் இல்லையென்றால் பகல் காட்சிக்கு வாங்குங்கள் அல்லது அறை எடுத்துவிடுங்கள்.